பதினைந்து வயதைக் கடந்த சிறிய கார்: பேணலும் பழுதும் செலவுக் கணக்கும்

2010 ஏப்ரல் 1 முதல் மும்பை உள்ளிட்ட 13 நகரங்களில் பாரத் ஸ்டேஜ் 4 மாசுக்கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்தது. அவ்விதிக்கேற்ப மாற்றியமைக்கப்படாத மாருதி 800 காரின் விற்பனை இந்நகரங்களில் அத்துடன் நின்றது. ஆகவே மாட்டுங்காவிலோ, செம்பூரிலோ, தாராவியின் 90 அடிச் சாலையிலோ இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் 800, மும்பையிலேயே புதிதாக வாங்கப்பட்டதாயின், அதன் வயது 15-ஐ எட்டியிருக்கும்.

1983 டிசம்பர் 14 அன்று முதல் காரின் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி வழங்கினார். 2014 ஜனவரியில் உற்பத்தி முடிவுற்றது. இடைப்பட்ட 30 ஆண்டுகளில் நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றுக்கு இதுவே முதற் காராக அமைந்தது. அதனால்தான் இதை விற்க மனம் வருவதில்லை. எனினும் இதற்கென எவ்வளவு செலவிடலாம் என்ற கேள்வி ஒவ்வொரு மழைக்காலத்திலும் எழுகிறது.

மும்பையில் வாடகைக் கார்களுக்கு 20 ஆண்டு என்ற வரம்பு உண்டு. 2003 அக்டோபர் 29 அன்று பதிவான கடைசி பிரீமியர் பத்மினி டாக்ஸி 2023 அக்டோபரில் அவ்வாறே விடைபெற்றது. சொந்த உபயோகக் காருக்கு அத்தகைய முடிவு நாள் குறிக்கப்படவில்லை. தகுதியுடன் இருக்கும்வரை பதிவைப் புதுப்பித்துக்கொண்டே செல்லலாம். எனவே முடிவெடுக்கும் பொறுப்பு உரிமையாளருடையது. அம்முடிவுக்கு உதவக்கூடிய செய்திகளை இங்கே வரிசைப்படுத்துகிறோம்.

மழைநீர்

2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. மழை பெய்ததை மும்பைவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த அளவு பெய்யாத ஆண்டுகளிலும் கிங்ஸ் சர்க்கிள் ரயில் பாலத்தின் அடியிலும் காந்தி மார்க்கெட் பகுதியிலும் தண்ணீர் தேங்குவது வழக்கமாகவே உள்ளது.

நீர் எவ்வாறு எஞ்சினை அழிக்கிறது? 796 சி.சி. கொண்ட இந்த எஞ்சினில் 3 சிலிண்டர்கள் உள்ளன. ஒவ்வொன்றின் கொள்ளளவும் ஏறத்தாழ 265 சி.சி. பிஸ்டன் மேலேறும்போது உள்ளிழுத்த காற்று ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. அப்போது மேலே எஞ்சும் இடம் 35 மில்லிலிட்டர் அளவுதான். காற்று சுருங்கும், நீர் சுருங்காது. ஆகவே இரண்டு மூன்று மேசைக்கரண்டி நீர் சிலிண்டருக்குள் புகுந்தாலே பிஸ்டன் முட்டி நின்றுவிடும். அந்நிலையில் எஞ்சினை வலிந்து சுழற்றினால் கனெக்டிங் ராட் வளைந்துவிடும்.

இதன் 12 அங்குலச் சக்கரத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 25 செ.மீ. உயரத்தில், அதாவது ஏறத்தாழ ஒரு சாண் உயரத்தில் உள்ளது. நீர் அந்த அளவை நெருங்கினால் காரைச் செலுத்தாமல் மேட்டில் நிறுத்துவதே நன்று. நீரில் நின்றுபோன காரை மீண்டும் ஸ்டார்ட் செய்யவே கூடாது. பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்றிவிட்டு, காரைக் கட்டியிழுத்துப் பணிமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி உள்ளிருக்கும் நீரை வெளியேற்றிய பின்னரே எஞ்சினை இயக்க வேண்டும். எஞ்சின் ஆயில் பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால் அதில் நீர் கலந்துவிட்டது என்று பொருள். ஆயிலையும் ஃபில்டரையும் உடனே மாற்ற வேண்டும். பொறுமையிழந்து சாவியைத் திருப்பும் ஒரு நொடி, சில நூறு ரூபாய் வேலையை எஞ்சினைப் பிரிக்கும் வேலையாக மாற்றிவிடும்.

வெப்பம்

மழையில்லாத மாதங்களில் இக்காரின் எதிரி போக்குவரத்து நெரிசல். சயான் சந்திப்பில் அரை மணி நேரம் ஊர்ந்து செல்லும்போது ரேடியேட்டருக்கு எதிர்க்காற்று கிடைப்பதில்லை. மின்விசிறி ஒன்றே அதைக் குளிர்விக்கிறது. விசிறியை இயக்கும் சுவிட்ச் பழுதானாலும், ரப்பர்க் குழாயில் சிறு கசிவு இருந்தாலும் எஞ்சின் மிகையாகச் சூடேறும். எஞ்சினின் தலைப்பகுதி அலுமினியத்தால் ஆனது. மிகையாகச் சூடேறினால் அது நெளிந்து, ஹெட் கேஸ்கெட் பழுதாகும்.

வாரம் ஒருமுறை, எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலைப் பொழுதில் கூலன்ட் அளவைப் பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறப்பது ஆபத்தானது. குழாய் நீரை மட்டும் தொடர்ந்து ஊற்றிவந்தால் உள்ளே துருவும் உப்பும் படிந்து வழிகள் அடைபடும். அளவு அடிக்கடி குறைந்தால் மேலும் ஊற்றுவது தீர்வாகாது. கசிவு எங்குள்ளது என்று தேட வேண்டும். வெப்பமானி முள் சிவப்புக் கோட்டை நெருங்கினால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைத்துவிடுங்கள்.

ரப்பரும் துருவும்

பழைய காரில் உலோகத்திற்கு முன்பே ரப்பர் மூப்படைகிறது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்பது தெரியாவிட்டால், இப்போதே மாற்றிக் குறிப்பேட்டில் தேதியை எழுதி வைப்பது நலம். அது அறுந்தால் ஓடும் எஞ்சின் நடுச்சாலையில் நின்றுவிடும். இன்று விற்பனையாகும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலந்துள்ளது; பழைய ரப்பர்க் குழாய்களும் வளையங்களும் இதற்கென உருவாக்கப்பட்டவை அல்ல. அவற்றை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். காருக்குள் பெட்ரோல் வாடை வந்தால் அதே நாளில் பணிமனைக்குச் செல்ல வேண்டும்.

டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அதன் வயதைக் கூறும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் தயாரானது. குறைவாக ஓடும் காரில் டயர் தேயாமலே மூப்படைவதுண்டு. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் தன்மையுடையது. கடலோர நகரில் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது அவசியம். மழைக்காலம் முடிந்ததும் தரைவிரிப்பை உயர்த்தி உலர விடுங்கள். கதவின் அடிவிளிம்பிலுள்ள வடிதுளைகள் அடைபட்டிருந்தால், துரு உள்ளிருந்தே தகட்டைத் தின்னும்.

குர்லாவின் சி.எஸ்.டி. சாலையில் புதிய உதிரிபாகங்களும், பழைய கார்களிலிருந்து கழற்றியவையும் கிடைக்கும். கதவு, கண்ணாடி, இருக்கை போன்றவற்றைப் பழையதாக வாங்குவதில் குறையில்லை. பிரேக் பாகம், பெல்ட், ரப்பர்க் குழாய், டயர் ஆகியவற்றை மட்டும் புதியதாகவே, ரசீதுடன் வாங்க வேண்டும். கழற்றிய பழைய பாகத்தைத் தம்மிடம் காட்டும்படி மெக்கானிக்கிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பதும் நல்ல வழக்கம்.

காப்பீட்டுக் கணக்கு

காப்பீடு இருக்கிறதே என்று பலர் எண்ணுகின்றனர். அக்கணக்கைச் சற்று நுணுகிப் பார்க்க வேண்டும். 10 ஆண்டைக் கடந்த காரில் உலோகப் பாகங்களின் விலையில் 50 விழுக்காடு தேய்மானமாகக் கழிக்கப்படும். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரி ஆகியவற்றுக்குக் காரின் வயது எதுவாயினும் 50 விழுக்காடு கழிவு உண்டு. எடுத்துக்காட்டாக, ரூ.10,000 மதிப்புள்ள உலோகப் பாகத்தை மாற்றினால் ரூ.5,000 மட்டுமே கணக்கில் வரும். அதிலும் உரிமையாளர் ஏற்க வேண்டிய கட்டாயப் பங்கு ரூ.1,000 குறையும்.

மேலும், பழுதுச் செலவு காரின் காப்பீட்டு மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் கார் முழு இழப்பாகக் கருதப்படும். காப்பீட்டு மதிப்பு ரூ.40,000 எனக் கொண்டால், ரூ.30,000-க்கு மேற்பட்ட பழுது காரின் வாழ்வையே முடித்துவிடும். நீரில் ஸ்டார்ட் செய்ததால் நேர்ந்த எஞ்சின் சேதத்தை அடிப்படைப் பாலிசி ஏற்பதில்லை. அதற்கான கூடுதல் பாதுகாப்பும் பொதுவாகப் புதிய கார்களுக்கே கிடைக்கிறது.

இதிலிருந்து பெறும் பாடம் ஒன்றே. பழைய காருக்குப் பெரிய செலவு வந்தபின் கைகொடுப்பார் இல்லை. சிறிய செலவைக் காலத்தில் செய்வதே அதன் உண்மையான காப்பீடு. இதற்கென மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தொடர் வைப்புக் கணக்கில் சேர்த்து வரலாம். அது மே மாத இறுதியில் முதிர்வடையுமாறு அமைத்துக்கொண்டால் மழைக்கு முந்தைய பராமரிப்புக்குப் பணம் தயாராக இருக்கும்.

ஆவணங்கள்

பதிவுச் சான்றிதழ் 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பின்னர் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை, காரை நேரில் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். செம்பூர்வாசிகள் வடாலா அலுவலகத்தையும், மாட்டுங்கா, தாராவிவாசிகள் தார்டேவ் அலுவலகத்தையும் அணுக வேண்டும். இக்கார்களுக்கு மாசுச் சான்றிதழ் 6 மாதத்திற்கு ஒருமுறை தேவை.

வங்கிக் கடனில் வாங்கியவர்கள் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். கடன் தீர்ந்து பல ஆண்டுகள் ஆகியும், பதிவுச் சான்றிதழில் வங்கியின் அடமானக் குறிப்பு நீக்கப்படாமல் இருக்கலாம். விற்கும்போதும், உடைப்புக்குக் கொடுக்கும்போதும் அது தடையாக நிற்கும். கடன் தீர்ந்த சான்றையும், வங்கி ஒப்பமிட்ட படிவம் 35-ஐயும் பெற்று, குறிப்பை நீக்கிக்கொள்ள வேண்டும். கடன் கொடுத்த வங்கி வேறொன்றுடன் இணைந்திருந்தால், தற்போதைய வங்கியை அணுகலாம். தேனா வங்கியில் கடன் பெற்றவர்களுக்கு, 2019 ஏப்ரல் 1 முதல் பாங்க் ஆஃப் பரோடாவே பொறுப்பு.

விடைகொடுக்கும் வேளை

தரைத்தகட்டையும் தாங்குசட்டத்தையும் துரு அரித்துவிட்டால் எஞ்சின் எவ்வளவு நன்றாக ஓடினாலும் அக்கார் பாதுகாப்பானதன்று. அதேபோல், ஒரே பழுதுக்கு ஆகும் செலவு காரின் சந்தை மதிப்பை மிஞ்சினாலும் நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை. பதிவுபெற்ற உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்தால் ஒப்படைப்புச் சான்றிதழ் கிடைக்கும். புதிய கார் வாங்கும்போது அதைக் காட்டி, சாலை வரியில் 25 விழுக்காடு வரை சலுகை பெற வழியுண்டு. தெருவோரத்தில் எடைக்கு விற்றுவிட்டால் அச்சலுகையும் கிடைக்காது. பதிவும் உரிமையாளர் பெயரிலேயே நீடிக்கும்.

இவ்விரண்டு நிலைகளும் வராதவரை காரை வைத்திருப்பதில் தவறில்லை. ஜூன் பிறக்கும் முன் குழாய்கள், பெல்ட், பிரேக், டயர், வடிதுளைகள் ஆகிய ஐந்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். காருக்குள் இருக்கும் சான்றிதழ்களின் தேதிகளையும் அன்றே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.