எடை நின்னு போச்சா? அந்த மாசமே போகணும்!



குழந்தைக்கு உடம்பு அனலாய்க் கொதித்தால் ராத்திரி என்றும் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறோம். அதே குழந்தை இரண்டு மூன்று மாதமாக எடை ஏறாமல் இருந்தால், "நல்லாத்தானே விளையாடுது" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் மெலிவு கண்ணுக்குத் தெரியும்போது பாதி நஷ்டம் நடந்து முடிந்திருக்கும். இந்த மாதப் பாடம் அதைப் பற்றியதுதான்.

தராசு முதலில் சொல்லும்

3 கிலோவில் பிறந்த குழந்தை 5, 6 மாதத்தில் சுமார் 6 கிலோவும், ஒரு வயதில் சுமார் 9 கிலோவும் இருக்க வேண்டும். அங்கன்வாடியில் எடை போட்டு வளர்ச்சி அட்டையில் புள்ளி வைப்பார்கள். கோடு மேலே ஏறினால் நல்லது. படுத்தாலோ இறங்கினாலோ அது எச்சரிக்கை.

தமிழ்நாட்டில் 1980-ல் தொடங்கிய ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் இதை வைத்துத்தான் நடந்தது. 6 மாதம் முதல் 3 வயது வரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். மிகவும் மெலிந்த குழந்தைக்கு மட்டுமல்ல, எடை சரியாக ஏறாத குழந்தைக்கும் 90 நாள் கூடுதல் சத்துணவு கொடுத்தார்கள். எலும்பு தெரியும்வரை காத்திருக்கவில்லை.

நாம் ஏன் தாமதிக்கிறோம்?

ஒரு நாள் கூலி போய்விடும். வீட்டுக்காரரைக் கேட்கணும், மாமியாரைக் கேட்கணும். "போன தடவை நர்சம்மா திட்டினாங்க" என்ற பயம் வேறு. பேதியானால் "பல்லு முளைக்குது" என்போம், இல்லாவிட்டால் தொக்கம் எடுக்கப் போவோம். இவை எல்லாம் உண்மையான கஷ்டங்கள்தான். ஆனாலும் காத்திருக்கும் நாட்களில் இளைப்பது குழந்தைதான்.

வயிற்றுப்போக்கில் சாப்பாட்டை நிறுத்தாதீர்கள்

அடிக்கடி வரும் பேதி எடையைக் குறைக்கும். சாப்பாட்டையும் நிறுத்தினால் இன்னும் குறையும்.

* தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது.
* ஓ.ஆர்.எஸ். பெரிய பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் சுத்தமான குடிநீரில் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க வேண்டும்.
* சுகாதார நிலையத்தில் தரும் ஜிங்க் மாத்திரையைப் பேதி நின்ற பிறகும் 14 நாள் முடியும்வரை கொடுக்க வேண்டும்.
* குணமான பிறகு இரண்டு வாரம் தினமும் ஒரு வேளை கூடுதலாக ஊட்ட வேண்டும்.

என்ன ஊட்டலாம்?

6 மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர் கூட வேண்டாம். பிறகு தாய்ப்பாலோடு குழைந்த சோறு, பருப்பு, கீரை, முட்டை, ஒரு ஸ்பூன் எண்ணெய். கரண்டியிலிருந்து வழியாத கெட்டியாக இருக்கட்டும். பருப்புத் தண்ணியிலும் ரசத்திலும் வயிறு நிறையும், சத்து ஏறாது. அங்கன்வாடி சத்துமாவை வீட்டில் எல்லோருக்கும் பங்கு போட்டால் குழந்தைக்கு என்ன மிஞ்சும்?

ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாதவை

பால் குடிக்க முடியவில்லை, குடித்ததெல்லாம் வாந்தி, வலிப்பு, கூப்பிட்டாலும் துவண்டு கிடத்தல். இவற்றில் ஒன்று இருந்தாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

குழு என்ன செய்யலாம்?

எடை போடும் நாளைக் கூட்டத்திலேயே அறிவிக்கலாம். எடை ஏறாத குழந்தையின் தாயோடு ஓர் உறுப்பினர் துணைக்குப் போகலாம். கூட ஒரு ஆள் இருந்தால் பயம் பாதி குறையும். பஸ் செலவுக்கும் மருந்துக்கும் குழுச் சேமிப்பிலிருந்து அவசரக் கடன் கொடுக்கத் தீர்மானம் போடலாம். மாமியார்களையும் ஒரு கூட்டத்துக்கு அழைத்து அட்டையைக் காட்டுங்கள். கோடு படுத்திருப்பதைப் பார்த்தால் அவர்களே "கிளம்பு" என்பார்கள்.

அடுத்த கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் 3 வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர்? சென்ற மாதம் எத்தனை பேருக்கு எடை போட்டோம்?
2. எந்தக் குழந்தையின் கோடு ஏறவில்லை? அந்தத் தாய்க்குத் தடையாக இருப்பது எது?
3. அவரோடு இந்த வாரம் யார் போகிறோம்?

மூன்றாம் கேள்விக்கு ஒரு பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டுக் கூட்டத்தை முடியுங்கள்.