குறிஞ்சியின் உயிர்ப்பு

பழனி மலைத்தொடரில், கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் அமைந்துள்ள ஊர் கோடைக்கானல். 2018ஆம் ஆண்டில் அதனைச் சூழ்ந்த சரிவுகள் பல ஊதாநீலம் பூண்டு விளங்கின. அது குறிஞ்சி பூத்த ஆண்டு. காய்கள் முற்றி வெடித்தபின் அங்குச் சென்றோர் கண்டவை உலர்ந்த பழுப்புக் குச்சிகளே. குறிஞ்சி இறந்துவிட்டதா? அவ்வினாவிற்கு விடை கூற வேண்டுமாயின், உயிருள்ளது எது என்பதை முதற்கண் அறிதல் வேண்டும்.

கோடைக்கானலுக்கு அருகே தூண்பாறைகள் ஓங்கி நிற்கின்றன. அவற்றின்மீதும் வெயில் காய்கிறது, மழை பெய்கிறது. ஆயினும் பாறை அவற்றைத் தன் உடலாக மாற்றிக் கொள்வதில்லை. குறிஞ்சியோ வேரால் நீரையும் உப்புகளையும் உறிஞ்சுகிறது. இலைகளின் வழியே கரியமில வாயுவைக் கொள்கிறது. பச்சையத்தின் உதவியால் கதிரவன் ஒளியைக் கொண்டு மாவுப்பொருளை ஆக்குகிறது. உப்புக் கரைசலிலுள்ள படிகமும் பெரிதாகின்றதே எனலாம். படிகம் வெளியே ஒட்டுவதனால் பருக்கிறது. செடி உள்ளே உணவைச் செரித்து, புதிய உயிரணுக்களை ஆக்கி வளர்கிறது. வேறுபாடு அங்கேதான் உள்ளது.

மரஞ்செடிகள் மூச்சு விடுவதில்லை என்று எண்ணுவோர் இன்றும் உளர். அது பிழை. இரவும் பகலும் அவை பிராணவாயுவை ஏற்று, உணவிலிருந்து ஆற்றலைப் பெறுகின்றன. வேண்டாத பொருள்களை நீக்குதலும், ஒளியையும் ஈரத்தையும் உணர்ந்து அவற்றிற்கேற்ப இயங்குதலும் அவற்றிற்கு உண்டு. சரிவில் மேயும் காட்டெருமைக்கும் அதனைக் காணும் மனிதனுக்கும் இச்செயல்கள் பொதுவே.

இனப்பெருக்கம் மட்டும் பிறவற்றினின்று சற்று வேறானது. உண்ணாத உயிர் மடியும். மூச்சு நின்ற உயிரும் மடியும். ஆனால் ஈனாத உயிர் தன் வாழ்நாளை வாழ்ந்து முடிக்கும். அதனால் அழிவது அதன் வழித்தோன்றலே. குறிஞ்சியிடத்தில் இது தலைகீழாக அமைந்துள்ளது. ஈன்றதனாலேயே அது மடிகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் இலையும் தண்டுமாகவே வளர்ந்து சேர்த்த ஆற்றலையெல்லாம் ஒரே பருவத்தில் பூவிலும் விதையிலும் செலவிட்டுவிடுகிறது. ஒரே காலத்தில் முளைத்தவை ஒரே காலத்தில் பூப்பதனால் தேனீக்கள் திரள்கின்றன. மகரந்தம் செடிக்குச் செடி பரவுகிறது. விதையுண்ணும் பூச்சிகளும் பறவைகளும் தின்றுதீர்க்க இயலாத அளவில் விதைகள் ஒருங்கே விளைவதும் இம்முறையின் பயன் என அறிஞர் கருதுவர். 1994, 2006, 2018 என ஆண்டுக் கணக்குத் தொடர்ந்து வந்துள்ளது. சங்கச் சான்றோர் மலைநிலத்திற்குக் குறிஞ்சி என்னும் பெயரிட்டதும் இம்மலர் கருதியே.

எனவே, உலர்ந்த குச்சிகளில் குறிஞ்சி இறந்துவிடவில்லை. வெடித்த காய்கள் சிதறிய விதைகள் மழை ஈரத்தில் முளைக்கின்றன. ஆனால், அவை முளைத்து வளர வெயில் படும் புல்வெளி வேண்டும். பழனி மலையின் மேற்பரப்பிலிருந்த புல்வெளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு 1970களுக்குப் பின் நாற்பது ஆண்டுகளில் மறைந்துவிட்டது. தைலமரம், பைன், வாட்டில் எனப்படும் சீகை ஆகிய அயல் மரங்களின் தோப்புகளும் வேளாண் நிலங்களும் அவ்விடத்தைக் கொண்டன. நெருங்கி வளர்ந்த சீகையின் நிழலில் குறிஞ்சி நாற்று தழைப்பது அரிது. ஆண்டுதோறும் பூக்கும் செடி ஓராண்டு விளைவை இழந்தால் அடுத்த ஆண்டில் ஈடு செய்யும். குறிஞ்சிக்கு அவ்வாய்ப்பு இல்லை. பூக்குமுன் பறிக்கப்பட்ட செடி விதையின்றியே முடிகிறது. அழகுக்காகக் கொய்யப்பட்ட பூங்கொத்தும் அவ்வாறே.

2013ஆம் ஆண்டில் கோடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அமைக்கப்பட்டது. எஞ்சிய புல்வெளிகளில், 2018இல் விழுந்த விதைகளிலிருந்து எழுந்த செடிகள் புல்லிடையே நின்று உணவு சேர்த்து வருகின்றன. அவை 2030இல் பூக்க வேண்டியவை.