பாறையின் காய்ச்சல் ஹிஸ்டரி படியுங்கள், க்யூவில் முன்னே போங்கள்

தூத்துக்குடியில் ஜியாலஜி டிகிரி வாங்கி வெளியே வந்தால் எதிரே நீளமான க்யூ. ஜி.எஸ்.ஐ. வேலைக்கு யு.பி.எஸ்.சி.யின் ஜியோ சயின்டிஸ்ட் தேர்வு, இன்னொரு பக்கம் கேட் ஸ்கோர். மார்க் பக்கத்து சீட்காரரும் வாங்குவார். இன்டர்வியூவில் தனித்துத் தெரிய என் சிபாரிசு தெர்மோகுரோனாலஜி. கனிமங்களுக்குள் நடக்கும் கதிரியக்கச் சிதைவை வைத்து, ஒரு பாறை எப்போது எவ்வளவு சூட்டில் இருந்தது என்று மாடல் போடும் வேலை.

1. பேஸிக்ஸ் விரல்நுனியில் இருக்கட்டும். யுரேனியம்-238-இன் அரை ஆயுள் சுமார் 447 கோடி ஆண்டு. சிதைவில் பிறக்கும் பொருள் கனிமத்துக்குள் தங்கினால்தான் கணக்கு ஓடும்; சூடு ஏறினால் கசிந்துவிடும். சிர்கானில் ஈயம் 900 டிகிரி செல்சியஸிலும் தாக்குப்பிடிக்கும். பயோடைட்டில் ஆர்கான் சுமார் 300-க்குக் கீழேதான் தங்கும், அபடைட்டில் ஹீலியம் 70 வாக்கில். "ஒரே பாறைக்கு மூன்று வயசா?" என்று பேனல் மடக்கும். "சிர்கான் சொல்வது பெரும்பாலும் அது படிகமான தேதி, மற்ற இரண்டும் ஆறிய தேதி சார்" என்று முடியுங்கள். கூடவே மதுரை வட்டார கிரானுலைட்டுகள் சுமார் 55 கோடி ஆண்டுக்கு முன், கோண்டுவானா ஒன்றுசேர்ந்த காலத்தில், 900 டிகிரிக்கு மேல் வெந்தவை என்று சொன்னால் பேனல் நிமிர்ந்து உட்காரும்.

2. லேபில் நேரம் போடுங்கள். அபடைட் குருணையை எபாக்ஸியில் பதித்து, பாலிஷ் போட்டு, 5.5 மோலார் நைட்ரிக் அமிலத்தில் 21 டிகிரியில் 20 விநாடி வையுங்கள். மைக்ரோஸ்கோப்பில் மெல்லிய கோடுகள் தெரியும். ஒவ்வொன்றும் ஒரு யுரேனியம் அணு தானாகப் பிளந்த தடம். புதுத் தடம் சுமார் 16 மைக்ரான் நீளம். சூடு பட்டால் குறுகும். எண்ணிவிட்டு எழுந்து போகிறவர்கள் நிறைய. நீளத்தையும் அளப்பவரிடம்தான் மாடலுக்கு வேண்டிய டேட்டா இருக்கும்.

3. சாம்பிளில் கோட்டை விடாதீர்கள். வ.உ.சி. துறைமுகத்தில் கப்பலேறிய கார்னெட், இல்மனைட் எல்லாம் கடற்கரை மணலில் கிடைத்தவை. அந்த மணல் பல பாறைகளின் கலவை, ஒரு பாறையின் கதையை அது சொல்லாது. மூட்டை கட்டி அள்ளும் ஆசையும் வேண்டாம், 2013-லேயே தமிழ்நாடு அரசு கனிம மணல் எடுக்கத் தடை போட்டது. குவாரியில் புதிதாக உடைத்த சார்னோகைட் துண்டு, ஜி.பி.எஸ். புள்ளி, உயரம். இவ்வளவு போதும்.

4. சூட்டு வரலாற்றுக்கு மாடல் போடும் சாஃப்ட்வேர்களான ஹெஃப்டி, கியூடிகியூடி இரண்டில் ஒன்றையாவது பழகுங்கள். பட்டனைத் தட்டினால் ஆயிரக்கணக்கில் சூட்டுப் பாதைகள் வரும். அழகான பாதையைப் பார்த்து மயங்குபவரை எக்ஸ்பர்ட் ஒரே கேள்வியில் உட்கார வைத்துவிடுவார்: "எந்த கன்ஸ்ட்ரெயின்ட் கொடுத்தீர்கள்?" பதிலை முன்கூட்டியே எழுதி வையுங்கள்.

5. ரெஸ்யூமேயில் பணம் பேசட்டும். முத்துக்குளித்த இதே மன்னார் வளைகுடாவின் இலங்கைப் பக்கப் படுகையில் 2011-இல் கெய்ர்ன் நிறுவனம் இரண்டு கிணறுகளில் எரிவாயு கண்டது. எண்ணெய் உருவாகும் சூடு ஏறத்தாழ 60 முதல் 120 டிகிரி. அபடைட் தடங்கள் குறுகுவதும் கிட்டத்தட்ட அதே வரம்பில்தான். ஆகவே "அபடைட் எண்ணினேன்" என்று எழுதாதீர்கள். "ஒரு படுகை எண்ணெய் தரும் சூட்டைத் தொட்டதா என்று கணிக்கத் தெரியும்" என்று எழுதுங்கள், அதுவும் கவர் லெட்டரின் இரண்டாவது வரியிலேயே.