நீலக்கல் வாங்கப் போகும் மருமகளுக்கு

அன்புள்ள மருமகளுக்கு,

அம்மாவின் அறுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு நல்ல நீலக்கல் பதக்கம் வாங்கிக் கொடுக்க ஆசை என்று எழுதியிருந்தாய். வாட்ஸ்அப்பில் நீ அனுப்பிய மூன்று படங்களும் கிடைத்தன. மூன்றும் பார்க்க அழகுதான். ஆனால் படத்தை நம்பி முற்பணம் எதுவும் அனுப்பிவிடாதே. கைத்தொலைபேசிக் கமரா வெளிச்சத்துக்குத் தக்கபடி நிறத்தைத் தானாகவே திருத்திக்கொள்ளும். அந்தத் திருத்தத்தில் ஊதா கலந்த கல் தூய நீலமாகிவிடும். சாம்பல் ஓடிய கல்லும் துலங்கிவிடும். அதற்குமேல் விற்பவர் படத்தை மெருகேற்றியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

நீலக்கல்லின் விலையில் பெரும் பங்கு நிறத்துக்குத்தான். ஒரே எடை, ஒரே வெட்டு, ஒரே அளவு சுத்தம் உள்ள இரண்டு கற்களில் ஒன்று மற்றதைப் போலப் பல மடங்கு விலை போவதுண்டு. அந்த வித்தியாசம் முழுவதும் நிறத்தால் வருவது. அப்படியிருக்க, கடையில் உட்கார்ந்தவர்கள் முதலில் கேட்பது “எத்தனை கரட்?” என்பதைத்தான். கரட்டைத் தராசு சொல்லிவிடும். நிறத்தை வாங்குபவர்தான் பார்த்தாக வேண்டும். கடை விளக்கை விட்டு வெளியே கொண்டுபோய், நகையில் பதிக்காமல் தனிக்கல்லாக, வேறு கற்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். இந்த மூன்றையும் செய்யாமல் வாங்கிய நிறம் விற்பவர் காட்டிய நிறம் மட்டுமே.

முதலில் வெளிச்சம். பேருவளைச் சீனன்கோட்டையிலும் இரத்தினபுரிச் சந்தையிலும் கல் பார்ப்பவர்களைக் கவனித்தால் தெரியும். நேர் வெயிலில் எவரும் கல்லைப் பிடிப்பதில்லை. வெயிலுக்கு முதுகைக் காட்டி, உடம்பின் நிழல் கல்மேல் விழும்படி நின்று, திறந்த வானத்தின் வெளிச்சத்தில் பார்ப்பார்கள். நேர் வெயில் பட்டால் எந்தக் கல்லும் ஜொலிக்கும். அந்த ஜொலிப்பில் நிறத்தின் குறை மறைந்துபோகும். கடை விளக்கு இன்னொரு வகையில் ஏமாற்றும். மஞ்சள் குண்டு விளக்கில் நீலக்கல் மங்கிக் கறுக்கும். அதனால் நீலக்கல் வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்கு மேலே நீலம் தூக்கலான வெள்ளை எல்.ஈ.டி. விளக்கைப் போடுவார்கள். சிவப்புக்கல்லுக்கு இது தலைகீழ். மஞ்சள் விளக்கில்தான் அது கொழுந்துவிட்டு எரியும். இந்த விளையாட்டின் உச்சத்தைப் பார்க்க வேண்டுமானால் நம் நாட்டிலும் கிடைக்கும் அலெக்சாண்டிரைட் கல்லைப் பார்க்கலாம். பகலில் பச்சை, குண்டு விளக்கில் சிவப்பு.

ஆகவே கல்லைக் கேட்டு வாங்கி வாசலுக்குக் கொண்டுபோக வேண்டும். கடைப் பையன் கூட வரட்டும், அதில் தப்பில்லை. காலை ஒன்பது மணியிலிருந்து பதினொன்று வரை நல்ல நேரம். பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டு உள்ளே வந்து மஞ்சள் விளக்கின் கீழும் ஒருமுறை பார்க்க வேண்டும். பதக்கத்தை அம்மா அணியப் போவது பெரும்பாலும் மாலை நேரத்துக் கல்யாண வீடுகளில் அல்லவா? இரண்டு வெளிச்சத்திலும் உயிரோடு நிற்கும் கல் கிடைத்தால் விடக் கூடாது.

அடுத்தது, எதைப் பார்ப்பது. கல்லின் நிறத்தில் மூன்று சங்கதிகள் உண்டு. ஒன்று சாயல்: நீலம் ஊதாப் பக்கம் சாய்கிறதா, பச்சைப் பக்கம் சாய்கிறதா என்பது. இலேசான ஊதாச் சாய்வை விலை பொறுத்துக்கொள்ளும், பச்சைச் சாய்வைப் பொறுக்காது. இரண்டாவது, இளநீலமா கடும் நீலமா என்பது. மூன்றாவதுதான் பலருடைய கண்ணுக்குத் தப்பிவிடுவது: நிறத்தின் செறிவு. நீலத்துக்குள் சாம்பல் கலந்திருந்தால் கல் சோர்ந்து தெரியும். அந்தச் சாம்பலைத் தனியே பார்த்தால் பிடிபடாது. செறிவான இன்னொரு கல்லைப் பக்கத்தில் வைத்தவுடன் பட்டென்று தெரிந்துவிடும். ஒப்பிடாமல் நிறம் பார்க்கக் கூடாது என்பது இதனால்தான். நீலக்கற்களையே தொடர்ந்து பார்த்துக்கொண்டிருந்தால் கண்ணும் களைத்துவிடும். இடையிடையே வெள்ளைத் தாளைக் கொஞ்சம் நேரம் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டும்.

கடும் நீலம்தான் உசத்தி என்று நம் ஆட்களில் பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. நீலக்கல்லுக்கு நீலம் தருவது அதற்குள் மிகச் சிறிய அளவில் இருக்கும் இரும்பும் டைட்டானியமும். இரும்பு மிஞ்சினால் கல் கறுக்கும். ஒஸ்திரேலியாவிலும் தாய்லாந்திலும் எரிமலைப் பாறைகளோடு தொடர்புடைய நிலங்களில் கிடைக்கும் கற்களில் பல இப்படித்தான். இரவில் அணிந்தால் கறுப்புக் கல்லா நீலக்கல்லா என்று தெரியாது. இலங்கைக் கல்லில் பொதுவாக இரும்பு குறைவு. அதனால் நிறம் சற்று இளசாக இருந்தாலும் உள்ளே வெளிச்சம் ஓடும். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கும் லோகன் நீலக்கல் இங்கிருந்து போனதுதான். ஏறத்தாழ 423 கரட். அவ்வளவு பெரிய கல், ஆனாலும் கறுக்கவில்லை. இலேசாக ஊதா ஓடிய நடுத்தர நீலம். நம்மவர்கள் மயில்கழுத்து நிறம் என்று சொல்வது, கடுமைக்கும் இளமைக்கும் நடுவில் செறிவு குறையாமல் நிற்கும் நீலத்தைத்தான்.

இனி மேசையில் செய்ய வேண்டிய வேலை. தனிக்கல்லை ஒரு வெள்ளைத் தாளில் முகம் கீழே இருக்கும்படி கவிழ்த்து, பின்பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். இலங்கை நீலக்கற்களில் நிறம் எல்லா இடத்திலும் ஒரேபோல் பரவியிருப்பது அபூர்வம். பட்டை பட்டையாகவோ ஒரு மூலையில் திட்டாகவோ கிடக்கும்; மிச்சம் வெள்ளையாக இருக்கும். கைதேர்ந்த வெட்டுக்காரர் அந்த ஒரு திட்டைக் கல்லின் அடிக்கூரில் கொண்டுவந்து நிறுத்துவார். மேலிருந்து பார்க்கும்போது அந்தச் சிறு திட்டின் நீலம் பட்டைகளில் எல்லாம் எதிரொளித்து, கல் முழுவதும் நீலமாகத் தெரியும். இது மோசடி இல்லை, பரம்பரைக் கைவண்ணம். ஆனால் கல்லைக் கொஞ்சம் சரித்தவுடன் ஒரு பக்கம் வெளுத்துப்போனால் விலையைக் குறைத்துக் கேட்கும் உரிமை வாங்குபவருக்கு உண்டு. சங்கிலியில் ஆடும் பதக்கம் எப்போதும் நேர் முகம் காட்டிக்கொண்டிருக்காது.

பிறகு கல்லை நிமிர்த்தி, அச்சடித்த எழுத்தின் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் எழுத்து தெளிவாக வாசிக்க முடிந்தால், அடிப்பக்கம் ஆழமில்லாமல் வெட்டிய கல் அது. உள்ளே போன வெளிச்சம் திரும்பி வராமல் ஒழுகிப்போகிறது. அந்த இடத்தில் நிறம் வெளிறி ஒரு ஜன்னல் திறந்தது போலத் தெரியும். மோதிரத்தைவிடப் பதக்கத்தில் இந்தக் குறை அதிகம் உறுத்தும். பதக்கம் கிடப்பது துணியின்மேல். பச்சைச் சட்டையின்மேல் கிடந்தால் ஜன்னல் வழியே பச்சை தெரியும், சிவப்புப் பட்டின்மேல் கிடந்தால் சிவப்பு. கொடுத்த காசுக்கு நீலம் தெரிய வேண்டாமா?

கடைசியாக, கல்லை விரலிடுக்கில் வைத்துக் கையை முழுதாக நீட்டிப் பார்க்க வேண்டும். பதக்கத்தைப் பார்ப்பவர்கள் அந்தத் தூரத்திலிருந்துதான் பார்க்கிறார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் மட்டும் தெரியும் சிறு கீற்றுக்குக் கவலைப்பட்டு, கை தூரத்தில் சோர்ந்து தெரியும் கல்லை எடுப்பது புத்தியில்லை. ஓரளவு மங்கல் சில வேளை அழகும் கூட. 1880களின் தொடக்கத்தில் காஷ்மீரின் பாடர் மலைப் பகுதியில் வெளிப்பட்ட நீலக்கற்கள் இன்றும் உலகச் சந்தையின் உச்சியில் இருப்பதற்குக் காரணம், உள்ளே நிறைந்த நுண்துகள்கள் வெளிச்சத்தைச் சிதறடித்து நிறத்துக்குத் தரும் வெல்வெட் மென்மைதான்.

நகையில் பதித்த கல்லின் நிறத்தைப் பாதிதான் நம்பலாம். பின்பக்கம் அடைத்த வேலைப்பாடாக இருந்தால் கால்வாசிகூட நம்ப வேண்டாம். கல்லின் அடியில் மினுங்கும் தாள் வைத்துப் பதிப்பது குந்தன் நகைகளில் பழைய வழக்கம். அங்கே அது கலை. விலை உயர்ந்த ஒற்றைக்கல் பதக்கத்தில் அடியை மூடினால், எதை மறைக்கிறார்கள் என்று கேட்டுவிட வேண்டியதுதான். தங்கத்தின் நிறமும் கல்லில் ஏறும். மஞ்சள் தங்கம் இளநீலத்தைச் சற்றுப் பச்சைப் பக்கம் இழுக்கும். வெள்ளைத் தங்கத்தில் அந்தத் தொல்லை இல்லை. அம்மாவுக்கு மஞ்சள் தங்கம்தான் பிடிக்கும் என்றால் சங்கிலியும் வெளிச்சட்டமும் மஞ்சளாக இருக்கட்டும், கல்லைப் பிடிக்கும் நகங்களை மட்டும் வெள்ளைத் தங்கத்தில் செய்யச் சொல்லலாம்.

“ரோயல் ப்ளூ”, “கோர்ன்ஃப்ளவர்” என்று கடைக்காரர் சொல்லும் பெயர்களுக்குத் தனியாக விலை கொடுக்காதே. அவற்றுக்கு உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட ஒரே அளவுகோல் இல்லை. சுவிட்சர்லாந்தின் பெரிய ஆய்வுகூடங்களான குபெலினும் எஸ்.எஸ்.ஈ.எஃபும் “ரோயல் ப்ளூ” என்பதற்குத் தங்களுக்குள் பொது வரையறை செய்துகொண்டதே 2015இல்தான். மற்றக் கூடங்கள் தத்தம் வழியில் எழுதும். ஊர்ப் பெயரும் அப்படியே. காஷ்மீரிலும் மோசமான கல் உண்டு. சிலோன் என்று எழுதிவிட்டதால் சாம்பல் ஓடிய கல் துலங்கிவிடாது.

கண்ணால் எவ்வளவு பார்த்தாலும் தெரியாத ஒன்றும் இருக்கிறது: அந்த நீலம் மண்ணுக்குள் வந்ததா, உலையில் வந்ததா என்பது. நம் நாட்டில் கெவுட என்று ஒரு கல் உண்டு. பால்நிற மங்கல், பார்வைக்கு ஒன்றுமில்லாதது. ஒரு காலத்தில் ஒதுக்கிப் போட்ட அந்தக் கற்களை 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் கொண்டுபோய் 1,500 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் வைத்து நல்ல நீலமாக்கினார்கள். மங்கலுக்குக் காரணமான மெல்லிய ஊசிகள் சூட்டில் கரைந்து, அவற்றிலிருந்த டைட்டானியம் கல்லுக்குள் பரவி, இரும்போடு சேர்ந்து நீலம் தருகிறது. இந்த நிறம் நிலையானது, வெளுக்காது. சந்தையில் உள்ள நீலக்கற்களில் பெரும்பாலானவை சூடுபட்டவையே. அதை வாங்குவதில் குற்றமில்லை. சூடுபடாத கல்லின் விலைக்கு வாங்குவதுதான் நட்டம்.

வேறு சில வேலைகள் அப்படியல்ல. வெளியிலிருந்து டைட்டானியத்தை ஏற்றி மேல்தோலுக்கு மட்டும் நீலம் கொடுத்த கற்கள் உண்டு. மறுபடி பட்டை தீட்டினால் நிறம் போய்விடும். விரிசல்களில் கோபால்ட் கலந்த நீலக் கண்ணாடியை நிரப்பிய கற்கள் உண்டு. பொற்கொல்லரின் தீயிலும் அமிலத்திலும் அவை கெட்டுப்போகும். ஆய்வுகூடத்தில் வளர்த்த செயற்கை நீலக்கல் நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சந்தையில் இருக்கிறது. இன்னும், நிறத்தை மட்டும் வைத்து இது இன்ன கல் என்றுகூடச் சொல்ல முடியாது. பிரித்தானிய முடியில் இருக்கும் “கறுப்பு இளவரசரின் மாணிக்கம்” உண்மையில் மாணிக்கமே அல்ல, ஸ்பினல் என்ற வேறு கல். நீல ஸ்பினலும் நம் ஊர்ச் சந்தையில் நீலக்கல்லுக்குப் பக்கத்திலேயே கிடக்கும்.

1926இல் இரத்தினபுரிப் பக்கம் கிடைத்த “புளூ பெல் ஒஃப் ஏசியா” என்ற 392.52 கரட் நீலக்கல், பதக்கமாகவே 2014இல் ஜெனீவாவில் கிறிஸ்டீஸ் ஏலத்தில் ஏறத்தாழ 1 கோடியே 73 இலட்சம் டொலருக்குப் போனது. உலகறிந்த அந்தக் கல்லுக்கே, அது சூடுபடாத இலங்கைக் கல் என்ற ஆய்வறிக்கையை வைத்துத்தான் ஏலம் விட்டார்கள். நாம் வாங்கும் இரண்டு கரட்டுக்கு அறிக்கை கேட்பதில் வெட்கம் என்ன இருக்கிறது? கொழும்பில் தேசிய மாணிக்கக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபைக்கே ஆய்வுகூடம் இருக்கிறது. விலை பெரிதானால் வெளிநாட்டுக் கூடத்தின் அறிக்கையும் கேட்கலாம். அறிக்கையில் உள்ள எடையும் நீள அகலமும் கையில் உள்ள கல்லோடு ஒத்துப்போகிறதா என்று அங்கேயே அளந்து பார்க்க வேண்டும். பற்றுச்சீட்டில் “இயற்கை நீலக்கல்” என்பதோடு, சூடுபட்டதா படாததா என்பதையும், அறிக்கை வேறாக வந்தால் பணம் திருப்பித் தரப்படும் என்பதையும் எழுதி வாங்க வேண்டும். எழுதித் தரத் தயங்கும் கடையில் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

பணம் போதவில்லை என்றால் அளவில் விட்டுக்கொடு, நிறத்தில் விட்டுக்கொடுக்காதே. செறிந்த நீலத்தில் ஒன்றரைக் கரட் போதும். சுற்றிச் சிறு வைரம் வைத்தால் பதக்கம் பெரிதாகத் தெரியும். ஓகஸ்டில் நீ வந்து இறங்கியதும் பேருவளைக்குப் போவோம். காலையிலேயே புறப்பட வேண்டும், மத்தியானத்துக்கு மேல் மழை இருட்டினால் கல் பார்க்க முடியாது. வரும்போது அம்மாவின் சங்கிலி எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரியாமல் அளந்துகொண்டு வா. அவள் அடிக்கடி உடுக்கும் சேலைகளின் சட்டைத் துணியில் இரண்டு துண்டு கிடைத்தாலும் எடுத்து வா, கல்லை அதன்மேல் வைத்தே பார்த்துவிடலாம்.

அன்புடன்,
மாமா
கொழும்பு