எரர் கோடு தராத பாகம்: ஃபேன் கிளட்சும் 18 மில்லி சிலிக்கோன் ஆயிலும்



இந்த வார எபிசோடில், சத்தமில்லாமல் பழுதாகும் சிஸ்டங்களைப் பற்றிப் பேசினோம். ஒரு சர்வர் விழுந்தால் பத்து நிமிஷத்தில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமாக மெதுவாகிற சர்வரை யாரும் கவனிக்க மாட்டார்கள். அதற்கு நான் சொன்ன உதாரணம் வண்டியின் ஃபேன் கிளட்ச். நேரம் பத்தாமல் பாதியில் விட்டதை இங்கே முழுசா எழுதுறேன்.

யாங்கோனில் இது நம் வீட்டு விஷயம். 1970-இல் நாடு சாலையின் வலது பக்கத்துக்கு மாறியது. ஆனாலும் தெருவில் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஸ்டீயரிங்கும் வலது பக்கம்தான், ஏன்னா அவை ஜப்பானில் ஓடி முடித்து வந்தவை. 2011-இல் இறக்குமதி விதிகள் தளர்ந்த பிறகு இன்னும் நிறைய வந்தன. டாக்ஸியாக ஓடுற புரோபாக்ஸ் மாதிரி வண்டிகளில் எலக்ட்ரிக் ஃபேன் இருப்பதால் அவற்றுக்கு இந்தப் பாடம் தேவையில்லை. அப்பா, மாமா வைத்திருக்கும் லேண்ட் க்ரூசர், ஹைலக்ஸ் சர்ஃப், பஜேரோ மாதிரி பழைய வண்டிகளில் பெரும்பாலும் என்ஜின்தான் பெல்ட் வழியாக ஃபேனைச் சுற்றும். நடுவில் இந்த கிளட்ச் இருக்கும்.

1. ஃபேனுக்கு கிளட்ச் எதுக்கு?

ஃபேனை என்ஜினோடு நேரடியாக இணைத்தால், என்ஜின் எவ்வளவு வேகமோ ஃபேனும் அவ்வளவு வேகம். ஃபேன் சுற்றும் வேகம் 2 மடங்கானால், அதைச் சுற்றத் தேவையான சக்தி 8 மடங்காகும். மண்டலே எக்ஸ்பிரஸ்வேயில் 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர வைத்துவிடும். அங்கே ஃபேன் வேகமாகச் சுற்றினால் டீசலும் வீண், சத்தமும் வீண். லேடான் சந்திப்பில், ஏப்ரல் வெயிலில், ஏசி போட்டுக்கொண்டு நிற்கும்போது எதிர்க்காற்று கிடையாது, ஃபேன்தான் ஒரே வழி.

தேவைப்படும்போது பிடிக்கணும், தேவையில்லாதபோது விடணும். கிளட்சுக்கு இருக்கும் வேலை இது ஒன்றுதான்.

2. ஒரு வரி கோடு இல்லாத கன்ட்ரோலர்

ஃபேனுக்கு முன்பக்கம் நடுவில் பாருங்க, கொசுவத்தி மாதிரி ஒரு சின்னச் சுருள் இருக்கும். அது இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பைமெட்டல் சுருள். சூட்டில் இரண்டும் வெவ்வேறு அளவு விரிவதால் சுருள் திரும்பும். ரேடியேட்டர் வழியாக வரும் காற்று சூடாக இருந்தால், அந்தச் சுருள் உள்ளே இருக்கும் ஒரு வால்வைத் திறக்கும்.

வால்வுக்குப் பின்னால் ஒரு தொட்டி, அதில் சிலிக்கோன் ஆயில். வால்வு திறந்ததும் ஆயில் இன்னொரு அறைக்குள் போகும். அந்த அறையில் ஒன்றுக்குள் ஒன்று பொருந்திய வட்ட வட்டமான பள்ளங்கள் இருக்கும். ஒரு பக்கம் என்ஜினோடு சுற்றும், மறுபக்கம் ஃபேனோடு. இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. இடைவெளியில் இருக்கும் கெட்டியான ஆயில்தான் ஒன்றை இன்னொன்றோடு இழுத்துக்கொண்டு போகும். குளிர்ந்ததும் வால்வு மூடும். சுற்றும் வேகத்தில் ஆயில் ஓரத்துக்கு ஒதுங்கி, ஒரு சின்னத் துளை வழியாகத் தொட்டிக்குத் திரும்பிவிடும்.

சென்சார், வால்வு, ஃபீட்பேக் எல்லாமே உண்டு. வயர் மட்டும் கிடையாது.

ஒரு சின்னக் குறிப்பு: சிப் செய்யும் சிலிக்கான் வேறு, இந்த சிலிக்கோன் வேறு. முதலாவது ஒரு தனிமம். இரண்டாவது, சிலிக்கானும் ஆக்ஸிஜனும் மாறி மாறிக் கோத்த நீளமான சங்கிலி மூலக்கூறு. இந்த வேலைக்கு அதைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. சூடானால் சாதாரண என்ஜின் ஆயில் ரொம்ப இளகிவிடும், சிலிக்கோன் ஆயிலின் கெட்டித்தன்மை அந்த அளவுக்கு மாறாது.

3. ஏன் யாருக்கும் தெரியாமல் பழுதாகிறது?

கிளட்ச் ஒரே நாளில் உடைவது அபூர்வம். பதினைந்து, இருபது வருஷத்தில் சீல் ஓரமாக ஆயில் துளித்துளியாகக் கசியும். மிச்சம் இருப்பதும் சூட்டிலும் இழுபறியிலும் பழசாகும். பிடி தளர்ந்துகொண்டே வரும். ஆனா ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

எச்சரிக்கை விளக்கு எரியாது. டேஷ்போர்டில் இருக்கும் ஊசியையும் முழுசா நம்ப முடியாது. டிரைவர் பயப்படக் கூடாது என்று, பல வண்டிகளில் ஊசி ஒரு பெரிய வெப்ப எல்லைக்குள் நடுவிலேயே நிற்கும்படி வடிவமைத்திருக்கிறார்கள். அது நகரும்போது சூடு ஏற்கெனவே எல்லை தாண்டியிருக்கும். டேஷ்போர்டில் எல்லாம் பச்சை, உள்ளே சிஸ்டம் திணறல் என்கிற கதைதான். அதையும் கவனிக்காமல் ஓட்டினால் ஹெட் கேஸ்கெட் போகும், அலுமினிய ஹெட் வளையும். அந்தச் செலவுக்கு முன்னால் ஒரு டியூப் ஆயிலின் விலை ஒன்றுமே இல்லை.

4. முதலில் சோதனை, பிறகு ஸ்பேனர்

அறிகுறி இதுதான்: ட்ராஃபிக்கில் நிற்கும்போது சூடு ஏறும், ஏசி குளிர் குறையும். ஓட ஆரம்பித்ததும் இரண்டும் சரியாகிவிடும். ஓடும்போதும் சூடு ஏறினால் வேறு இடத்தில் தேடுங்க: கூலன்ட் அளவு, அடைத்த ரேடியேட்டர், தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப். (சூடான என்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.)

கிளட்சைச் சோதிக்க:

• காலையில் முதல் ஸ்டார்ட். ராத்திரியில் ஆயில் அறைக்குள் இறங்கியிருக்கும் என்பதால், நல்ல கிளட்ச் முதலில் கொஞ்ச நேரம் உறுமிவிட்டு அடங்கும். உறுமலே இல்லை என்றால் சந்தேகப்படுங்க.

• என்ஜினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, குளிர்ந்த ஃபேனைக் கையால் சுற்றிப் பாருங்க. தேனுக்குள் சுற்றுவது மாதிரி ஒரு இழுவை இருக்கணும். விட்டதும் சும்மா சுற்றிக்கொண்டே போனால் ஆயில் குறைவு.

• நல்லா சூடான பிறகு, மறுபடி என்ஜினை அணைத்து அதே சோதனை. இப்போது இழுவை கூடியிருக்கணும்.

• ஃபேன் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்க. ஆட்டம் இருந்தால் பேரிங் போயிருக்கலாம். அதற்கு ஆயில் மருந்தாகாது.

ஓடும் ஃபேனை பேப்பர் விட்டு நிறுத்திப் பார்ப்பது என்று சிலர் சொல்வார்கள். வேண்டாம். விரல் ஒன்றுக்கொன்று பேக்கப் கிடையாது.

5. ஆயில் மாற்றுவது

எல்லா கிளட்சையும் திறக்க முடியாது. ஓரத்தை மடித்து அழுத்தி மூடியிருந்தால் புதுசுதான் வாங்கணும். இரண்டு பாதியும் ஸ்க்ரூவில் இணைந்திருந்தால் (டொயோட்டாவில் பல அய்சின் கிளட்ச்கள் அப்படித்தான்) திறக்கலாம்.

டொயோட்டா இதற்கென்றே 18 மில்லி டியூபில் சிலிக்கோன் ஆயில் விற்கிறது. 08816-03001 என்பது 3000 சென்டிஸ்டோக், 08816-10001 என்பது 10000. தண்ணீர் கிட்டத்தட்ட 1 என்று வைத்துக்கொண்டால் எவ்வளவு கெட்டி என்று புரியும். உங்கள் வண்டிக்கு எது என்று பார்த்துவிட்டு வாங்குங்க. என்ஜின் ஆயில், கியர் ஆயில், ஸ்ப்ரே கேனில் வரும் சிலிக்கோன் எதுவும் இதற்கு மாற்று இல்லை.

முறை:

1. என்ஜின் முழுசா ஆறட்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்க.

2. பெல்ட் இறுக்கமாக இருக்கும்போதே கிளட்ச் நட்டுகளைத் தளர்த்துங்க, அப்போதான் புல்லி கூடச் சுற்றாது. சில வண்டிகளில் நாலு சின்ன நட்டுக்குப் பதில் ஒரே பெரிய நட்டு இருக்கும், அது எதிர்ப்பக்க மரையாகவும் இருக்கலாம். மேனுவலைப் பாருங்க.

3. ஃபேனையும் ஷ்ரவுடையும் சேர்த்து வெளியே எடுங்க. ரேடியேட்டரில் இடித்துவிடாமல் நடுவில் ஒரு அட்டை வையுங்க.

4. இரண்டு பாதியிலும் மார்க்கரால் ஒரே கோடு போட்டு, பிறகு பிரியுங்க. நடுவில் இருக்கும் ரப்பர் வளையத்தைப் பத்திரப்படுத்துங்க. பைமெட்டல் சுருளைத் தொடாதீங்க, வால்வு எந்தச் சூட்டில் திறக்கணும் என்பது அதன் நிலையில்தான் இருக்கு.

5. பழைய ஆயிலை வடித்துத் துடையுங்க. வடியவே நேரம் எடுக்கும், அவசரப்படாதீங்க. எவ்வளவு வந்தது என்று அளந்து குறித்துவையுங்க.

6. புது ஆயிலை மெதுவாக ஊற்றுங்க. லேண்ட் க்ரூசர் 80 வைத்திருப்பவர்கள் பொதுவாக 2 அல்லது 3 டியூப் போடுகிறார்கள். அளவுக்கு மேல் ஊற்றினால் கிளட்ச் விடவே விடாது. எப்போதும் உறுமிக்கொண்டு எரிபொருளைத் தின்னும்.

7. மூடி, ஸ்க்ரூக்களை எதிரெதிராக இறுக்குங்க. வண்டியில் எப்படி நிற்குமோ அப்படியே நிமிர்த்தி வையுங்க.

மாட்டிய பிறகு, மேலே சொன்ன சோதனைகளை அதே வரிசையில் மறுபடி செய்யுங்க. முன்னால் எப்படி இருந்தது, இப்போ எப்படி என்று எழுதிவையுங்க. அந்தப் பேப்பர்தான் உங்கள் லாக் ஃபைல்.

6. இதில் நமக்கு என்ன?

"சூடு ஏறுது" என்று சொன்னதும் தெர்மோஸ்டாட், ரேடியேட்டர், பம்ப் என்று வரிசையாக மாற்றிக்கொண்டே போவது எல்லா ஊரிலும் நடக்கும். கடைசியில் எது சரி செய்தது என்று யாருக்கும் தெரியாது. அளக்காமல் மாற்றுவது என்பது லாக் பார்க்காமல் சர்வரை ரீஸ்டார்ட் செய்வது மாதிரி. வண்டி, பழைய கம்ப்யூட்டர், வீட்டு இன்வெர்ட்டர் எதுவானாலும், நல்லா இருக்கும்போது அது எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் கெடும்போது கண்டுபிடிக்க முடியும்.

2024 ஏப்ரலில் மாக்வே பக்கம் சௌக் நகரில் 48.2 டிகிரி பதிவானது. நல்லா இருக்கும் வண்டிக்கே அது சோதனை. தளர்ந்த கிளட்சை மறைக்க அங்கே எதிர்க்காற்றும் உதவாது.

இந்த வார ஹோம்வொர்க்: நாளைக்குக் காலையில் அப்பா வண்டியை ஸ்டார்ட் பண்ணும்போது பக்கத்தில் நின்று இரண்டு நிமிஷம் கேளுங்க. முதல் உறுமல் வருதா? எப்போ அடங்குது? தேதியோடு எழுதிவையுங்க. தின்ஜான் வெயில் வருவதற்கு முன்னால் இன்னொரு தடவை கேட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.