சிமெண்டு உலைக்குக் குப்பை விறகாகுமா?



பொள்ளாச்சியிலிருந்து பாலக்காடு செல்லும் சாலையில், கேரள எல்லையைத் தொட்டவுடன் வரும் ஊர் மீனாட்சிபுரம். சோதனைச் சாவடியும், சிறியதொரு புகைவண்டி நிலையமும், தமிழ் பேசும் தெருக்களும் கொண்ட அதுவே என் ஊர். லாரிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். தார்ப்பாய் போர்த்திய லாரி வந்து நின்றால், “உள்ளே என்ன?” என்று கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். தேங்காயாக இருக்கலாம், வைக்கோலாக இருக்கலாம், குப்பையாகவும் இருக்கலாம். 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்துச் சிற்றூர்களில் கேரளத்து மருத்துவக் கழிவு குவிந்து கிடந்ததும், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்ட பின் கேரளத்திலிருந்தே லாரிகள் வந்து அதனை அள்ளிச் சென்றதும் நீங்கள் அறிந்தவையே.

இப்போது அக்கேள்விக்குப் புதிய விடை ஒன்று வந்திருக்கிறது. “இது குப்பை அன்று, சிமெண்டு ஆலைக்குப் போகும் எரிபொருள்.” இவ்விடை மெய்யாக இருக்க முடியுமா? முடியும். எங்ஙனம் என்பதை முதலில் காண்போம்.

எங்கள் ஊருக்கு வடக்கே சுண்ணாம்புக்கல் உண்டு. அதனை நம்பியே மதுக்கரையில் 1934இலும், வாளையாற்றில் 1984இலும் சிமெண்டு ஆலைகள் எழுந்தன. இத்தகைய ஆலையின் உயிர்நிலை அதன் உலை. சற்றே சாய்ந்து மெல்லச் சுழலும் நீண்ட இரும்புக் குழாய் அது. மேல்முனையில் சுண்ணாம்புக்கல்லும் களிமண்ணும் கலந்த பொடி இறங்குகிறது. கீழ்முனையில் தீ எரிகிறது. ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுண்ணாம்புக்கல் தன் கரியமில வாயுவை விட்டுவிடும். 1,450 பாகையில் பொடி பாதி உருகிக் கட்டி கட்டியாகத் திரளும். இக்கட்டிகளே கிளிங்கர். இவற்றைச் சிறிது ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்டு. ஒரு கிலோ கிளிங்கருக்கு ஏறத்தாழ 750 கிலோகலோரி வெப்பம் வேண்டும். அதனை நிலக்கரி தந்தால் என்ன, பாலித்தீன் தந்தால் என்ன? உலைக்கு வேற்றுமை இல்லை. பாலித்தீன் ஒரு கிலோவுக்குப் பத்தாயிரம் கிலோகலோரிக்கு மேல் தரும். நம் நாட்டு நிலக்கரி பெரும்பாலும் அதில் பாதியும் தருவதில்லை.

தெருவோரத்தில் பிளாஸ்டிக்கைக் கொளுத்துவதும் இதுவும் ஒன்றா? அன்று. உலையின் சுடர் 2,000 பாகையை எட்டும். புகை பல நொடிகள் 1,100 பாகைக்கு மேலேயே தங்குவதால் நச்சு மூலக்கூறுகள் சிதைந்து போகும். கந்தகம் போன்ற அமிலப் புகையைச் சுண்ணாம்பே பற்றிக்கொள்ளும். மூன்றாவதே எனக்குப் பெருவியப்பு. சாம்பலில் இருக்கும் மணற்சத்தும், அலுமினாவும், இரும்பும் கிளிங்கருக்கும் வேண்டியவை. ஆதலின் சாம்பல் கிளிங்கரோடு கலந்துவிடும். அடுப்பு எரிகிறது, அள்ள வேண்டிய சாம்பல் இல்லை!

ஆயினும் உலை எதையும் செரிக்கும் வயிறு அன்று. பாதரசம் அதில் தங்காது, புகையோடு போய்விடும். மழையில் நனைந்த குப்பை, வெப்பம் தருவதற்கு மாறாகத் தன் நீரை ஆவியாக்கவே வெப்பத்தைத் தின்னும். குளோரினோ, சோடியம் பொட்டாசியத்தோடு சேர்ந்து ஆவியாகி, உலைக்கு முன்னுள்ள குழாய்களில் படிந்து அடைத்துவிடும். சிமெண்டில் மிகுந்தால் கட்டடத்துக் கம்பியையும் அரிக்கும். புகை மெல்லக் குளிர்ந்தால் 200 முதல் 450 பாகைக்குள் டையாக்சின் என்னும் கொடிய நஞ்சு பிறக்க அதுவே துணை. எரிபொருளில் குளோரின் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இருப்பதை ஆலைகள் பொதுவாக விரும்புவதில்லை. பி.வி.சி. பிளாஸ்டிக்கில் குளோரின் நூற்றுக்கு 57 பங்கு. நூறு கிலோ குப்பையில் தூய பி.வி.சி. இரண்டு கிலோ கலந்தாலே அளவு மீறிவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள்.

என் அத்தை கேரளத்து ஹரித கர்ம சேனையில் வீடு வீடாகப் பிளாஸ்டிக் சேகரிப்பவர். அவரிடம் இரண்டு சாக்குகள் கண்டேன். “ஏனுங் அத்தை, இரண்டு?” என்றேன். “இது இளகற சாதி கண்ணு, அது வெயில்ல கெடந்தா நொறுங்கற சாதி. ரெண்டையும் சேத்தா ஆகாது” என்றார். இரண்டாவது சாக்கிலிருந்து சில துண்டுகளை இங்கு எடுத்து வந்து, புகைபோக்கிப் பெட்டிக்குள் பெயில்ஸ்டைன் சோதனை செய்தேன். செப்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சித் துண்டின்மேல் தொட்டு மீண்டும் சுடரில் காட்டினால், குளோரின் இருப்பின் சுடர் பச்சையாகும். ஏழு துண்டுகளில் ஆறு பச்சை. அவற்றுள் நான்கு, தலைவர்கள் கைகூப்பி நிற்கும் பிளெக்ஸ் பதாகைகள்! வேதியியல் படியாத அத்தையின் கை பெரிதும் பிழைக்கவில்லை.

இதை நான் பெரிதாக எண்ணுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஊருக்கு அருகே, பெருமாட்டி ஊராட்சியைச் சேர்ந்த பிளாச்சிமடாவில் 2000இல் கொக்கோ கோலா ஆலை தொடங்கியது. அதன் கழிவுச் சேறு உழவர்களுக்கு உரம் என்று வழங்கப்பட்டது. 2003இல் பி.பி.சி. வானொலியார் எடுத்துச் சென்ற மாதிரியை எக்சிட்டர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தபோது அதில் ஈயமும் காட்மியமும் இருந்தன. 2004இல் ஆலை நின்றது. கழிவுக்கு உரம் என்று பெயர் சூட்டியதை ஒருமுறை கண்ட நாட்டில், எரிபொருள் என்று பெயர் சூட்டும்போது சோதனைத் தாளைக் கேட்பது குற்றமாகாது.

சட்டமும் இவ்வழியை ஊக்கியது. கிலோவுக்கு 1,500 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் தரும், மறுபடி பயன்படாத குப்பையை மண்ணில் புதைக்கலாகாது என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள் கூறின. செருமனியில் சிமெண்டு உலைகளின் வெப்பத்தில் மூன்றில் இரண்டு பங்கு கழிவிலிருந்தே வருகிறது. நாம் அதற்கு மிகவும் பின்னால் நிற்கிறோம். ஆனால் இதனால் காற்று முழுதும் தூய்மையாகிவிடும் என்பார் கூற்றை நான் ஏற்கேன். சிமெண்டு ஆலை விடும் கரியமில வாயுவில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல் விடுவது. விறகை மாற்றினால் கல் மாறாது.

சென்ற விடுமுறையில் அத்தை, “நான் கட்டிக் குடுக்கற சாக்கு அங்க போய்ச் சேருதான்னு எப்படித் தெரியும் கண்ணு?” என்று கேட்டார். ஆலை வாயிலில் எடை போட்டுத் தரும் சீட்டின் படி ஒன்றும், குளோரின் சோதனைத் தாளும் ஊராட்சிக்கு வர வேண்டும் என்று அவர் பெயரில் ஒரு மனு எழுதிக் கொடுத்தேன். கையெழுத்திட்டுக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். நொறுங்கும் சாதிச் சாக்கை உலையும் வேண்டாது. பழைய சாமான் கடைக்காரரும் வேண்டார். அது இன்னும் அத்தை வீட்டுக் கொட்டகையில்தான் இருக்கிறது.