கூலி நாளும் சோற்றுத் தட்டும்

பள்ளிபாளையம், குமாரபாளையம் பக்கம் தறிக்குப் போகிற வீடுகளில் கூலி வாரத்துக்கு ஒருமுறை. மாமனார், மாமியார், மூன்று நான்கு பிள்ளைகள் என்று வீடு நிறைய ஆள் இருந்தால், அந்தப் பணம் அடுத்த கூலி நாள் வரை நிற்க வேண்டும். புதிதாகக் குடித்தனம் நடத்த வரும் கண்ணுகளுக்கு நான் சொல்வது இவை.

1. கூலி கைக்கு வந்த அன்றே பருப்புக்கும் முட்டைக்கும் எண்ணெய்க்கும் எடுத்து வைத்துவிடு. மற்ற செலவெல்லாம் மிச்சத்தில்.

2. ரேஷன் பொருளை ஒரு மாதமும் விடாதே. அரிசி 2011 ஜூனிலிருந்து விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வெளியே என்ன விலை விற்கிறது என்று உனக்கே தெரியும். அரிசி ஆள் கணக்குப் பார்த்துத்தான் போடுவார்கள். பிறந்த குழந்தையின் பெயரைத் தள்ளிப்போடாமல் அட்டையில் சேர்.

3. நாமக்கல் முட்டை கடல் தாண்டிப் போகிறது. கோழிப்பண்ணைக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளை முட்டை தின்னாமல் வளர்வதை என்னால் பொறுக்க முடியாது. ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதம் இருக்கிறது. அதே காசுக்கு வாங்கும் பாக்கெட் தீனியில் உப்பும் எண்ணெயும்தான். புரட்டாசியில் பலர் கவிச்சி தொடாததால் விலை பெரும்பாலும் இறங்கும். உன் வீட்டில் விரதம் இல்லையென்றால் அந்த மாதம் கூடுதலாகவே கொடு. ஆளுக்கு ஒன்று கட்டாத நாளில் முருங்கைக்கீரையை வெங்காயத்தோடு வதக்கி, மூன்று முட்டையை உடைத்து ஊற்றிக் கிளறு. எல்லார் தட்டுக்கும் வரும். ஓடு கீறிய முட்டை மலிவாகக் கிடைத்தால் அன்றைக்கே நன்றாக வேகவைத்துவிடு. கீறல் வழியே கிருமி உள்ளே போகும்.

4. மரவள்ளிக்கிழங்கு ராசிபுரம், ஆத்தூர்ப் பக்கமெல்லாம் விளைகிறது, வயிறும் நிறையும். ஆனால் அதில் மாவுச்சத்துதான் உண்டு, புரதம் மிகக் குறைவு. ஜவ்வரிசியும் அந்தக் கிழங்கு மாவுதான். காய்ச்சல் பிள்ளைக்கு ஒருவேளை கஞ்சி வை, அதையே நாள்தோறும் ஊட்டாதே. கிழங்கைத் தோலுரித்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடு. கசந்தால் யாருக்கும் கொடுக்காதே. அதில் நஞ்சு உண்டு.

5. கொள்ளும் ராகியும் நம் ஊர்ச் சாப்பாடு. 100 கிராம் கொள்ளில் 20 கிராமுக்கு மேல் புரதம். ராகியில் அரிசியைவிடப் பல மடங்கு சுண்ணாம்புச்சத்து. களி கிண்டிக் கொள்ளுப்பருப்புக் கடைந்தால் வீட்டில் எல்லாரும் வயிறார உண்ணலாம். கொள்ளு வெந்த தண்ணீரில் ரசம் வைத்துவிடு.

6. காய்க்கு உழவர் சந்தை. ராசிபுரம், திருச்செங்கோடு, சேலத்தில் சூரமங்கலம், அம்மாப்பேட்டை என்று பல இடத்தில் இருக்கிறது. விலையைப் பலகையில் எழுதியிருப்பார்கள்.

7. அரசுத் தொடக்கப் பள்ளியில் காலை உணவு போடுகிறார்கள். மதியம் சத்துணவில் முட்டை உண்டு. பிள்ளையை நேரத்தோடு அனுப்பு. அங்கன்வாடியில் சத்துமாவு வாங்குவதில் வெட்கம் எதற்கு?

8. நான் அழுத்திச் சொல்ல வேண்டியது இதுதான். வீட்டுச் செலவை உன் தட்டில் குறைக்காதே. மாமனாருக்கு, கணவனுக்கு, பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டுச் சட்டியடியில் ஒட்டியதை ரசம் ஊற்றித் தின்று எழுகிற பெண்களைக் காலம் முழுக்கப் பார்த்திருக்கிறேன். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை. தறியில் நின்றுவிட்டு வந்து சமைக்கிறவளுக்கும் பருப்பும் கீரையும் முட்டையும் வேண்டும். பரிமாறும் முன்பே உன் பங்கைக் கிண்ணத்தில் எடுத்து மூடிவை. மாமியார் முறைத்தால், அவருக்கும் ஒரு கிண்ணம் எடுத்துவை. அவரும் அப்படியே மிச்சத்தைத் தின்று வந்தவர்தான். கர்ப்பமாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை விடாமல் போடு. மாத்திரை விழுங்கிய கையோடு டீ குடித்தால் சத்து உடம்பில் சரியாகச் சேராது.

9. சாப்பாட்டுக்காகத் தறி முதலாளியிடம் முன்பணம் வாங்காதே. வாராவாரம் கூலியில் பிடித்தம் போகும்; பாக்கி தீராமல் வேறு பட்டறைக்கும் போக முடியாது. தீபாவளி போனஸில் கொஞ்சத்தைத் தொடாமல் வைத்திரு. மாசி, பங்குனியில் புதுப்புளியும் மிளகாயும் வரும்போது அந்தக் காசில் வருடத்துக்கும் வாங்கிக் காயவைத்துக்கொள். புளியை உப்புப் போட்டு மண்பானையில் அடைத்தால் அடுத்த அறுவடை வரை கெடாது.